முதலாம் தவணை நிறைவு: பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி பற்றிப் பெற்றோருக்கு அதிபரின் மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

முதலாம் தவணை நல்லபடியாக நிறைவுக்கு வந்திருக்கிறது. புதிய பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவன்று அழுதுகொண்டு வந்த தரம் 1 பிள்ளைகள் இப்போது தாங்களாகவே வரிசையில் நிற்கிறார்கள். பொங்கல் விழாவும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் குறைவின்றி நடந்தன. வலய மட்டப் போட்டிகளில் பங்குபற்றிய பிள்ளைகளுக்கும், அவர்களைப் பயிற்றுவித்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள். பந்தல் போட்டுத் தந்த பழைய மாணவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் நன்றி. தவணைப் பரீட்சைப் புள்ளிகளை வகுப்பாசிரியர்கள் உங்களிடம் தருவார்கள்.

இனி, பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மெய்வல்லுநர் போட்டிக்கு அணிநடை பழகிய ஒரு காலையில் மூன்று பிள்ளைகள் தலைசுற்றி மைதானத்திலேயே இருந்துவிட்டார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை, எட்டரை மணிதான். வேப்பமரத்தடியில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "தேத்தண்ணி" என்றான் ஒருவன். "தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும்" என்றாள் அடுத்தவள். மூன்றாவது பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இடைவேளைகளில் நான் அலுவலகத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளோடு இருக்கிறேன். பெட்டிகளைத் திறந்தால் குளிர்ந்து கட்டியாகிப்போன நூடில்ஸ், கடையில் வாங்கிய றோல்ஸ், கிறீம் பிஸ்கட், சீனி தூவிய பணிஸ் என்றுதான் கண்ணில் படுகின்றன. இடைவேளை மணி அடிக்க முன்னரே வெளிவாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. கம்பிக்கூடாகக் கடைப் பொதிகள் உள்ளே வருகின்றன. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கொடுக்கும் சத்துணவிலும் கீரையும் பூசணிக்காயும் தட்டின் ஓரத்தில் ஒதுங்கி, அப்படியே கழிவு வாளிக்குப் போகின்றன. சமைத்துத் தரும் அம்மா ஒருநாள் அந்த வாளியை என்னிடம் காட்டி, "விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி ஆய்ஞ்ச கீரை, ரீச்சர்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரம் 7 இல் ஒரு பிள்ளை பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். முருங்கையிலை போட்ட குரக்கன் (கேழ்வரகு) புட்டு, அதன் மேல் அவித்த பயறு, ஓரத்தில் ஒரு கதலி வாழைப்பழம்.

"ஏன் பிள்ளை மறைக்கிறீர்?"

"எல்லாரும் சாணிப் புட்டு எண்டு சிரிக்கினம், ரீச்சர்."

அன்று அந்த வகுப்பறையில் இருந்த சாப்பாடுகளிலே மிகச் சிறந்தது அதுதான். அவளிடம் கேட்டு ஒரு பிடி வாங்கி, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அங்கேயே நின்று சாப்பிட்டேன். அவளுடைய அம்மம்மா அவித்ததாம். அந்த அம்மம்மாவுக்கு இந்த மடல் போய்ச் சேர்ந்தால், புட்டு நல்ல பதமாக இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததல்ல. விடிய எழும்பி, வீட்டுவேலை முடித்து, பஸ் பிடித்து வேலைக்கு ஓடும் தாய்மார் பலர். தகப்பன் வெளிநாட்டில், பிள்ளை அப்பம்மாவோடு என்றிருக்கும் குடும்பங்கள் பல. தேங்காய் விற்கிற விலையில் சம்பலுக்குத் துருவுவதற்கே மனம் தயங்குகிறது. இதற்குள் பெரியவர்களுக்கு ஒரு சமையல், பிள்ளைக்கு வேறொரு சமையல் என்று இரண்டு அடுப்பு மூட்ட யாராலும் முடியாது. ஆகவே பிள்ளைக்கென்று தனியாக எதையும் சமைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே கொஞ்சம் மாற்றிக் கட்டிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புட்டு அவிக்காத கிழமை நம் வீடுகளில் இல்லை. அது எதையும் தனக்குள் ஏற்றுக்கொள்ளும். அரிசிமாவோடு ஒரு பிடி குரக்கன் மாவோ வறுத்த உழுத்தம்மாவோ சேர்த்துக் குழைக்கலாம். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் போட முன்னர் அரிந்த முருங்கையிலையையோ துருவிய கரட்டையோ கலந்துவிட்டால் கறியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அவித்த பயறு ஒரு கரண்டி மேலே போட்டால் போதும். ஒரு நாளைக்குக் கரட், மறுநாள் கீரை, வேலியில் என்ன நிற்கிறதோ அது.

பயறும் அப்படித்தான். இரவு படுக்கப் போகும்போது ஊறப்போட்டால் காலையில் சீக்கிரம் அவிந்துவிடும். கடலையும் கௌபியும் 8 மணித்தியாலமாவது ஊற வேண்டும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் அவித்தால் வயிற்றுப் பொருமல் குறையும். ஒருமுறை கூடுதலாக அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் அது தேங்காய்ப்பூவோடு சாப்பாடு. மத்தியானம் கத்தரிக்காயோடு சேர்ந்து கறி. மிஞ்சியதை மசித்து ரொட்டி மாவில் குழைத்தால் இரவுச் சாப்பாடும் முடிந்தது. பிள்ளைக்கு உறைப்பு வேண்டாம் என்றால், தூள் போட முன்னர் அவன் பங்கை எடுத்து வையுங்கள்.

சோற்றோடு பருப்பு, புட்டோடு பயறு, தோசையில் அரிசியோடு உழுந்து என்று நம் ஆச்சிமார் சேர்த்து வைத்ததற்கு விஞ்ஞானமும் காரணம் சொல்கிறது. அரிசியில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு, பருப்பு, கடலையில் அது நிறைய உண்டு. அவற்றில் குறைவாக இருக்கும் மெதியோனின் அரிசியிலிருந்து கிடைக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் வளரும் உடம்புக்கு வேண்டிய புரதம் முழுமையாகிறது. உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் 7 கிராம் அளவுதான். மீனும் முட்டையும் வாங்க முடியாத நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தரம் 4 பிள்ளைகள் இந்தத் தவணை சுற்றாடல் பாடத்துக்காகப் பயறு முளைக்க வைத்தார்கள். ஈரத்துணியில் கட்டி யன்னலோரம் வைத்தார்கள். நம் ஊர் வெக்கைக்கு அடுத்த நாளே வெள்ளையாக வால் விட்டுவிட்டது. இலேசாக ஆவியில் அவித்து, தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் விட்டுக் கொடுத்தோம். "பயறு என்றால் தொடமாட்டான்" என்று தாய் முன்னரே எழுதி அனுப்பியிருந்த பையன் இரண்டாம் தரமும் கையை நீட்டினான். தானே முளைக்க வைத்ததால் வந்த ஆசை அது. வீட்டிலும் பிள்ளைகளைக் கீரை ஆய விடுங்கள், பயத்தங்காயை முறிக்க விடுங்கள். கொஞ்சம் இறைபடும், பரவாயில்லை.

அப்புறம் வறை. ஒரு வறை செய்யத் தெரிந்தால் எல்லா மரக்கறிக்கும் போதும். சின்ன வெங்காயம் வதக்கி, அரிந்ததைப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்ப்பூ. முருங்கையிலை, கோவா, பயத்தங்காய், வாழைப்பூ, பீற்றூட் என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடச் சந்தையிலோ அன்றைக்கு எது மலிவோ அதை வாங்குங்கள். அதற்குள் அவித்த பருப்பு ஒரு கரண்டி போட்டால் பிள்ளைக்கு அதுவே கறி. பால்கறியையும் சொதியையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டிக்குள் இந்த வெயிலில் தேங்காய்ப்பால் சீக்கிரம் பழுதாகிவிடும். வறை அவ்வளவு சீக்கிரம் பழுதாகாது, சிந்தாது. புட்டையும் சோற்றையும் கூடச் சூடு ஆறிய பிறகே மூடுங்கள்.

கீரையிலும் பயறிலும் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் நம் உடம்பு அதை எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. தேசிப்புளி பிழிந்தால் அதிலுள்ள விற்றமின் சி உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி தடுக்கும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு பிள்ளையை அனுப்புவது எனக்கு இவ்வளவு கவலை தருவதற்கு அதுவும் ஒரு காரணம். குறிப்பாக வளர்ந்துவரும் பெண்பிள்ளைகளைப் பற்றி நினைக்கிறேன். பெரியபிள்ளையானதும் உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். அந்தச் சில நாட்கள் முடிந்ததும் அதே பிள்ளை மறுபடியும் பிஸ்கட்டோடு பாடசாலைக்கு வருகிறாள். உழுந்தும் பயறும் அவளுக்கு வருடம் முழுவதும் தேவை. தம்பிமாருக்கும் தேவை.

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒரு நாளைக்கு மரக்கறியும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொல்லியிருக்கிறது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு 350 கிராம். இடைவேளைப் பெட்டியில் ஒரு மரக்கறியும் இல்லாவிட்டால், மீதி நேரத்தில் இதை நிரப்புவது கடினம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமையில் தொடங்குங்கள். பல வீடுகளில் அன்று மரக்கறிதான், எப்படியும் இரண்டு மூன்று கறி இருக்கும். போர் நடந்த 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் உங்களில் பலர். கடையில் ஒன்றும் இல்லாத அந்த நாட்களில் வேலி முருங்கையையும், பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவையும் வைத்து நம் தாய்மார் எப்படிச் சமைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கேட்க விரும்புகிறார்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இரண்டாம் தவணை தொடங்கும் நாளிலிருந்து இடைவேளையில் வெளிவாசலால் கடைப் பொதிகள் வாங்கப்பட மாட்டாது. வாசலில் நிற்கும் காவலாளியோடு இதற்காக வாக்குவாதப்பட வேண்டாம், அது என்னுடைய முடிவு. வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன பிள்ளைக்கு அதைக் கொண்டுவந்து தருவதென்றால் அலுவலகத்தில் கொடுக்கலாம். குளிர்பானப் போத்தல்கள் பிரிக்காமலே மாலையில் திருப்பி அனுப்பப்படும். 2016 இலிருந்து நம் நாட்டில் அந்தப் போத்தல்களில் சீனிக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அதைப் பார்த்த பிறகும் பிள்ளையின் பைக்குள் வைப்பது சரியில்லை. இன்னொரு பிள்ளையின் சாப்பாட்டைப் பார்த்துச் சிரிப்பதையும், பட்டம் வைப்பதையும் நான் சிறிய விடயமாக எடுக்கமாட்டேன். அப்படி நடந்தால் பெற்றோரை அழைப்பேன்.

வீட்டில் சமைக்க வழியே இல்லாத நாள் எவருக்கும் வரும். அப்படியான நாளில் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ ஒரு சொல் சொல்லுங்கள். வேறு யார் காதிலும் அது விழாது, பிள்ளையும் பசியோடு இருக்காது. கடலையோ பயறோ உழுந்தோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் அதையும் எழுதித் தந்துவிடுங்கள்.

ஏற்கனவே இதையெல்லாம் செய்துவரும் வீடுகள் நிறைய உண்டு. இந்த மடலின் கடுமை அவர்களுக்கு உரியதல்ல. விடியலிலேயே இடியப்பம் பிழிந்து, பருப்பும் வறையும் வைத்துக் கட்டித் தரும் தாய்மாருக்கும், ஸ்கூட்டியில் பிள்ளையை இறக்கிவிட்டுச் "சாப்பிட்டிட்டு வா, மிச்சம் கொண்டுவரக்கூடாது" என்று தினமும் சொல்லிவிட்டுப் போகும் அப்பாமாருக்கும், தங்கள் வளவிலிருந்து சத்துணவுக்கு வாழைப்பூவும் முருங்கையிலையும் கொண்டுவந்து தரும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் என் மனமார்ந்த நன்றி. சிரிப்புக்குப் பயந்து மறைத்துச் சாப்பிட்ட பிள்ளை இப்போது மூடியை முழுவதும் திறந்து வைத்துச் சாப்பிடுகிறாள். போன கிழமை அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் முருங்கையிலைப் புட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

உங்கள் எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
அதிபர்