பிட்காயின் கட்டணமும் மைனிங் மெஷினும்: நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமிருந்து நம்ம கடைக்கு வந்து போகிற எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கடையில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. "பிட்காயின் அனுப்பியிருக்காங்க, இன்னும் வந்து சேரலை, போன்ல கோளாறான்னு பாருங்க" என்பது ஒன்று. "மைனிங் மெஷின் ஒண்ணு போட்டுக் கொடுங்க, எவ்வளவு ஆகும்?" என்பது இன்னொன்று. கவுன்டரில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அடுத்தவர் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார், அதனால்தான் எழுதி அனுப்புகிறோம். கடையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மைனிங் மெஷின் நாங்கள் போட்டுத் தருவதில்லை, வெளியிலிருந்து வரவழைத்தும் தருவதில்லை. வியாபாரம் வேண்டாம் என்பதால் இல்லை. அதில் போடுகிற பணம் உங்களுக்குத் திரும்பி வராது என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து நம்புகிறோம்.

பணம் வந்து சேராத விஷயத்தை முதலில் பார்ப்போம். நெரிசலான ஒரு வாரத்தில் நெடுங்கண்டத்திலிருந்து ஓர் அக்கா போனைக் கொண்டு வந்தார், மகன் ஷார்ஜாவிலிருந்து அனுப்பியது. ட்ரான்ஸாக்ஷன் எண்ணைப் போட்டுப் பார்த்தால் திரையில் எல்லாம் தெளிவாகவே இருந்தது: அளவு 141 பைட், கட்டணம் 282 சடோஷி (ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குதான் சடோஷி), அதாவது பைட்டுக்கு 2 சடோஷி. அந்த நேரத்தில் மற்றவர்கள் பைட்டுக்கு 40 கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போனிலும் கோளாறில்லை, சிம்மிலும் கோளாறில்லை, வரிசையில் கடைசியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பிட்காயின் பரிமாற்றங்களை மொத்தமாகப் பதிகிற கணக்குப் பக்கத்துக்கு பிளாக் என்று பெயர், சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒன்று உருவாகிறது. மெஷினை ஓட்டி அந்த பிளாக்கை உருவாக்குவதுதான் மைனிங், உருவாக்குபவருக்குப் புது பிட்காயினும் அதில் ஏறிய கட்டணங்களும் கிடைக்கும். அதில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2010-ல் பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ வைத்த வரம்பு 1 எம்.பி., 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற மாற்றம் வந்த பிறகு நடைமுறையில் ஒன்றரையிலிருந்து இரண்டு எம்.பி. வரை போகிறது. ஒரு பிளாக்குக்குச் சில ஆயிரம் பரிமாற்றங்கள், மொத்த உலகத்துக்கும் நாளொன்றுக்கு நாலைந்து லட்சம் என்ற அளவில்தான் ஓடுகிறது. நம்ம ஊர் யு.பி.ஐ. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடி பரிமாற்றத்தைத் தாண்டியது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இடம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

ஏறாத பரிமாற்றங்கள் எல்லாம் மெம்பூல் என்ற காத்திருப்பு இடத்தில் நிற்கும். மைனிங் செய்பவர் அடுத்த பிளாக்கை நிரப்பும்போது முதலில் வந்தது யார் என்று பார்ப்பதில்லை, பைட்டுக்கு அதிகம் கொடுப்பவரை மேலே வைத்து வரிசைப்படுத்தி எடுப்பார். புத்தடி ஏலத்தில் ஏலக்காய் லாட் போவது போலத்தான், அன்றைக்கு வந்திருக்கும் சரக்கு இவ்வளவுதான், கூடக் கேட்டவருக்குப் போகும், காலையிலிருந்து காத்திருந்தேன் என்றால் நடக்காது. வாங்குபவர்கள் குறைவான நாளில் விலை இறங்குவதும் இங்கே உண்டு. அமைதியான வாரத்தில் அதே 2 சடோஷி போட்டு அனுப்பினால் அரை மணி நேரத்தில்கூட ஏறிவிடும்.

இங்கே நிறையப் பேர் தவறாக நினைப்பது ஒன்று இருக்கிறது. கட்டணம் அனுப்புகிற தொகையைப் பொறுத்தது இல்லை, பரிமாற்றம் எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குக்கு ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அப்போது ஒரு சடோஷி 8 பைசா. சாதாரணமான 141 பைட் பரிமாற்றத்துக்கு பைட்டுக்கு 40 வீதம் 5640 சடோஷி, சுமார் 450 ரூபாய். ஒரு கோடி அனுப்பினாலும் அதே 450, ஆயிரம் ரூபாய் அனுப்பினாலும் அதே 450. இன்னும் ஒன்று: உங்கள் வாலெட்டில் இருபது தடவையாகச் சின்னச் சின்னதாக வந்து சேர்ந்த பணத்தை மொத்தமாக ஓரிடத்துக்கு அனுப்பினால், அந்த இருபது வரவும் தனித்தனியாக இடம் பிடிக்கும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 68 பைட். மொத்தம் 1400 பைட்டைத் தாண்டிவிடும், கட்டணம் சுமார் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். சிறுகச் சிறுகச் சேர்த்தவரிடம்தான் இந்த இடம் அதிக விலை வாங்குகிறது, இது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சரி, சிக்கிக்கொண்டால் என்ன செய்யலாம்? அனுப்பியவர் வாலெட்டில் கட்டணத்தை உயர்த்தும் வசதி இருந்தால் அவரே உயர்த்தலாம். வாங்குபவரும், வரவேண்டிய அந்தப் பணத்தையே கூடுதல் கட்டணத்தோடு தன்னுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பி இரண்டையும் சேர்த்து இழுக்கலாம். மைனிங் செய்பவருக்கு இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் அந்தப் பெரிய கட்டணம் கிடைக்கும் என்பதால் எடுத்துக்கொள்வார். எதுவும் செய்யாவிட்டாலும் பணம் எங்கும் போய்விடாது. நோடுகள், அதாவது பிட்காயின் கணக்கை வைத்துச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர்கள், வழக்கமாக 14 நாள் வரை வைத்திருந்துவிட்டு மறந்துவிடும், பணம் அனுப்பியவரிடமே இருக்கும். நெடுங்கண்டத்து அக்காவின் மகன் கட்டணத்தை உயர்த்தினார், அன்று மாலைக்குள் வந்துவிட்டது.

"பிளாக்கைப் பெரிசாக்கிட்டா தீர்ந்துபோச்சே, ஏன் செய்யலை?" என்று கூடலூர்த் தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, இதற்காக வருஷக்கணக்கில் பெரிய சண்டையே நடந்தது. பிட்காயினில் யாரையும் நம்பாமல் கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அவரவர் கம்ப்யூட்டரில் நோடு ஓட்ட வேண்டும், 2009 ஜனவரி 3-லிருந்து நடந்த அத்தனையையும் இறக்கிச் சரிபார்க்க வேண்டும், அது இப்போதே 600 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. நம்மிடம் 1 டி.பி. டிஸ்க் வாங்கிப்போய் வீட்டில் நோடு ஓட்டுகிற இன்ஜினியரிங் மாணவர் ஒருவர் இருக்கிறார். பிளாக் பலமடங்கு பெரிதானால் அவரால் முடியாது, பெரிய டேட்டா சென்டர்காரர்கள் மட்டும் சரிபார்ப்பார்கள், அப்புறம் இது வங்கியிலிருந்து எந்த விதத்தில் வேறு?

மைனிங் செய்பவர்களின் கணக்கு இதில் சிக்கலானது. ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்தால் கட்டணம் தருகிற எதையும் ஏற்றிக்கொள்ளத்தான் நினைப்பார். ஆனால் பிளாக் பெரிதானால் உலகம் முழுக்கப் பரவ நேரமாகும், அதற்குள் இன்னொருவர் பிளாக் முந்திக்கொண்டால் இவர் உழைப்பு வீண். நல்ல இணைப்பு வைத்திருக்கும் பெரிய பூல்களுக்கு (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டும் குழுக்கள்) இந்த ஆபத்து குறைவு, சின்னவர்களுக்கு அதிகம். சிலர் முந்தைய பிளாக்கை முழுதாகச் சரிபார்க்காமலே அடுத்ததை ஆரம்பித்துவிடுவார்கள், சில நொடி மிச்சம் என்று. 2015 ஜூலை 4-ல் இப்படிச் செய்ததால் விதிக்குப் பொருந்தாத ஒரு பிளாக்கின் மேல் வரிசையாகப் பிளாக்குகளை அடுக்கி, அவ்வளவும் செல்லாமல் போனது. எது வரவைக் கூட்டுகிறதோ அதை அவர்கள் செய்வார்கள், அதைத் தப்பென்று சொல்லவில்லை, அப்படித்தான் அந்த ஏற்பாடு.

ஆனால் அவர்களுக்கும் எல்லை உண்டு, அதை 2017 காட்டிக்கொடுத்தது. அந்த வருஷம் மே மாதம் நியூயார்க்கில் பெரிய நிறுவனங்களும் மைனிங் பலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தவர்களும் சேர்ந்து அந்த 1 எம்.பி. அடிப்படை வரம்பை 2 எம்.பி. ஆக்குவதென்று ஒப்புக்கொண்டார்கள். நோடு ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது மைனிங் செய்பவர் கையில், இடம் எவ்வளவு என்பது அவர் கையில் இல்லை. பெரிய பிளாக் வேண்டுமென்றவர்கள் ஆகஸ்ட் 1-ம் தேதியே 8 எம்.பி.யோடு பிட்காயின் கேஷ் என்று தனியாகப் பிரிந்துவிட்டார்கள். நவம்பரில் சில நாட்கள் அந்தப் பக்கம் லாபம் கூட என்றதும் மெஷின்கள் அங்கே தாவின, இங்கே பிளாக்குகள் தாமதமாகி மெம்பூல் நிரம்பி கட்டணம் எகிறியது. எந்த நாணயத்தின் மேலும் மெஷினுக்குப் பாசம் கிடையாது.

இனி மைனிங் மெஷின். இதைக் கேட்பவர்களில் பலர் ஏலக்காய் நல்ல விலைக்குப் போன பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் புதிதாகக் கிடைக்கும் பிட்காயின் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆரம்பத்தில் 50, 2012-ல் 25, 2016-ல் 12.5, 2020-ல் 6.25, 2024 ஏப்ரலிலிருந்து 3.125. அந்த ஏப்ரலில் பாதியான முதல் பிளாக்கில், அதாவது 8,40,000-வது பிளாக்கில், கட்டணமாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் விழுந்தது. ரூன்ஸ் என்ற புது வகை டோக்கனை முதலில் பதிய வேண்டுமென்று ஆட்கள் முட்டிமோதியதன் விளைவு அது. அதைப் படித்துவிட்டுத்தான் சிலர் கடைக்கே வந்தார்கள். ஆனால் 2025-ல் பல மாதங்கள் கட்டண வரவு மொத்த வரவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குகூடத் தேறவில்லை. ஒரு நாள் விலையை வைத்துத் தோட்டம் வாங்கக்கூடாது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மெஷின் விநாடிக்கு 200 டெராஹாஷ் ஓடும் (பிளாக்கைக் கண்டுபிடிக்கச் செய்கிற ஒரு முயற்சி ஒரு ஹாஷ், டெரா என்றால் லட்சம் கோடி), 3500 வாட் இழுக்கும். உலகம் முழுக்க ஓடுகிற மைனிங் பலம் 2025-ல் ஆயிரம் எக்ஸாஹாஷைத் தொட்டுவிட்டது (ஒரு எக்ஸா பத்து லட்சம் டெரா), அதாவது இந்த மெஷின் 50 லட்சம் சேர்ந்த பலம். நாளொன்றுக்குச் சுமார் 144 பிளாக், 450 பிட்காயின். அதில் உங்கள் பங்கு 50 லட்சத்தில் ஒன்று, சுமார் 9000 சடோஷி, மேலே சொன்ன 80 லட்ச விலையில் 720 ரூபாய். கரன்ட் நாளுக்கு 84 யூனிட். இரண்டு மாத பில்லில் 5000 யூனிட்டைத் தாண்டும், நம்ம தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 1000 யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் வந்துவிடுகிறது. கடை இணைப்பில் யூனிட் 9 ரூபாய் என்று குறைத்துப் போட்டால்கூட நாளுக்கு 756 ரூபாய். மெஷின் விலை, இறக்குமதி வரி, சத்தம், சூடு, மழைக்காலத்தில் மேலே தோட்டத்துப் பக்கம் போய்ப் போய் வரும் கரன்ட், இதில் எதையும் இன்னும் சேர்க்கவில்லை, அதற்குள்ளேயே நஷ்டம்.

"லோயர் கேம்ப்லதான பவர் ஹவுஸ் இருக்கு, நமக்குக் கரன்ட் சல்லிசா கிடைக்காதா?" என்கிறார்கள். பெரியாறு தண்ணீரில் அங்கே எடுக்கிற மின்சாரம் கிரிட்டுக்குப் போகிறது, நமக்கு வருவது எல்லோருக்கும் உள்ள அதே கட்டணத்தில். நீர்மின்சாரத்தை நேரடியாகச் சல்லிசாக வாங்கக்கூடியவர்கள்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார்கள். சீனாவில் முன்பு மழைக்காலத்தில் சிச்சுவானுக்கு லாரியில் மெஷினை ஏற்றிப் போவார்கள், பூடானில் அரசு நிறுவனமே தன் அணைக் கரன்ட்டில் ஓட்டுகிறது. நீங்கள் போட்டி போட வேண்டியது அவர்களோடு.

விலை ஏறினால் லாபம் வருமே என்றால், ஏறும்போது அவர்களும் மெஷினைக் கூட்டுவார்கள். 2016 பிளாக்குக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்த பலத்தைப் பார்த்து, பிளாக்கைக் கண்டுபிடிக்கும் கடினத்தை நெட்வொர்க் தானே மாற்றிக்கொள்கிறது. 2021-ல் சீனா மைனிங்கைத் தடுத்தபோது ஜூலை 3-ல் ஒரே மாற்றத்தில் கிட்டத்தட்ட 28 சதவீதம் இறங்கியது, மிஞ்சியிருந்தவர்களுக்குக் கொஞ்ச காலம் கொண்டாட்டம். சில மாதத்தில் மெஷின்கள் வேறு நாடுகளில் போய் ஓட ஆரம்பித்தன, பழைய நிலை வந்துவிட்டது. எத்தனை பேர் மெஷின் வாங்கினாலும் பிளாக் பத்து நிமிஷத்துக்கு ஒன்றுதான், இடமும் அதேதான். மைனிங் கூடினால் பரிமாற்றம் வேகமாகும் என்று நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆறு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டிய மெஷின் கேட்பவர்களுக்கு: அந்தக் கார்டுகளால் மைனிங் செய்துவந்த எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ 2022 செப்டம்பர் 15-ல் மைனிங்கையே விட்டுவிட்டது, அந்தக் கார்டுகளுக்கு அன்றோடு வேலை போய்விட்டது. அப்படி ஓடித் தேய்ந்த கார்டுகளை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கும் முன் கடைக்குக் கொண்டு வாருங்கள், ஃபேனையும் மெமரியையும் சோதித்துச் சொல்கிறோம். போனில் இன்ஸ்டால் செய்தால் மைனிங் ஓடும், பணம் கட்டினால் எங்கேயோ உங்களுக்காக மெஷின் ஓடும் என்று வருகிற லிங்க்குகளைத் தயவுசெய்து தொட வேண்டாம். சரி, உண்மையாகவே சில சடோஷி வந்தாலும், மேலே சொன்ன 68 பைட் கணக்கில் அதை எடுக்கவே அதைவிடக் கூட ஆகலாம்.

வரியையும் மறக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, மைனிங் மெஷினுக்கான செலவையும் அடக்க விலையாகக் காட்ட முடியாதென்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

பிட்காயின் வைத்திருப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதில் நாங்கள் தலையிடவில்லை. வைத்திருப்பவர்கள் சின்னத் தொகைகளை அடிக்கடி அனுப்ப வேண்டியிருந்தால் லைட்னிங் உள்ள வாலெட்டாகப் பார்த்து வையுங்கள், சில்லறைப் பரிமாற்றங்கள் பிளாக்குக்கு வெளியே நடந்து, கணக்குத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மட்டும் பிளாக்கில் ஏறும் முறை அது. பெரிய தொகையை நெரிசல் இல்லாத நாளாகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

சிக்கிய பரிமாற்றம் இருந்தால் அதன் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், எந்த நிலையில் நிற்கிறது, எவ்வளவு உயர்த்தினால் ஏறும் என்று பார்த்துச் சொல்வோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. வாலெட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை மட்டும் எங்களிடமும் காட்ட வேண்டாம், கேட்டால் நாங்களே ஆனாலும் கொடுக்காதீர்கள். மேலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து பேசலாம். ஞாயிறு மதியத்தோடு கடை அடைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள்