தாழ்ப்பாள்களை எண்ணித் தந்தவர்களுக்கு எங்கள் நன்றி

தாராவியில் எங்கள் சந்தில் வாழும் பெரியோர்களுக்கும், மதினிமார்களுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும், எங்களோடு சேர்ந்து நின்ற மராத்தியும் இந்தியும் உருதும் பேசும் தோழர் தோழியருக்கும் வணக்கம்.

சென்ற ஓராண்டாக நாங்கள் 14 பேர் நம் சந்தின் பொதுக் கழிப்பிடத்தைக் கணக்கெடுக்கக் கையில் ஏட்டுடன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதெல்லாம், படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு என்று விரட்டாமல், உட்காரவைத்துப் பதில் சொன்னீர்கள். அந்தப் பதில்களால் என்ன நடந்தது, எது இன்னும் நடக்கவில்லை என்பதை உங்களிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அரசிடம் கணக்குக் கேட்டவர்கள் ஊருக்குக் கணக்குக் கொடுக்காமல் இருப்பது முறையல்ல என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, 90 அடி சாலைத் தேநீர்க் கடையின் வாசலில் இட்லி விற்கும் ஆச்சிக்கு. எங்களில் ஒருவன் கல்லூரிப் பாடத்துக்காக ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளை அங்கே உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். 2015 செப்டம்பர் 25 அன்று நியூயார்க்கில் இந்தியா உட்பட 193 உறுப்பு நாடுகளின் பொதுச்சபை 17 இலக்குகளையும் 169 உட்குறிக்கோள்களையும் ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஆறாவது இலக்கின் இரண்டாம் குறிக்கோள், 2030க்குள் எல்லோருக்கும் போதிய கழிப்பிட வசதி கிடைக்க வேண்டும் என்றும், அதில் பெண்கள், சிறுமிகளின் தேவைகளுக்குத் தனிக் கவனம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அவ்வளவையும் கேட்டுவிட்டு ஆச்சி, “அப்பம் நம்ம சண்டாஸ் கதவுக்குத் தாப்பா எப்பம் வரும்யா?” என்றார்கள். சண்டாஸ் என்றால் இங்கே கழிப்பிடம். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு மாதங்கள் ஆயின. 2017இலும் 2020இலும் இந்தியா தன் முன்னேற்ற அறிக்கையை ஐ.நா.வில் தானாக முன்வந்து வைத்தது. 2018 முதல் ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் இந்த இலக்குகளில் மாநிலங்களுக்கு மதிப்பெண் போட்டு வருகிறது. அவற்றை மதிக்கிறோம், ஆனால் நாட்டுச் சராசரியிலும் மாநிலச் சராசரியிலும் ஒரு சந்தின் உடைந்த கதவு தெரிய வழியில்லை. இலக்குகளை ஏற்றுக்கொண்டது ஒன்றிய அரசு. பொதுக் கழிப்பிடமோ, 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின்படி நகராட்சி அமைப்புகளுக்கு உரிய பொருள். மும்பையிலோ 2022 மார்ச்சில் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, தேர்தல் நடைபெறாமல், ஆணையரே நிர்வாகியாக இருந்த காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நம் வீட்டார் குறை சொல்லப் போகும் நகர்சேவக் என்ற மாமன்ற உறுப்பினரின் கதவும் அப்போது திறந்திருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது எழுத்தில் கேட்பதுதான் வழி என்று முடிவு செய்தோம். எழுத்தில் கேட்க வேண்டுமானால் எங்கள் கையில் எண்கள் இருக்க வேண்டும்.

எண்ணுவது தங்களுக்குப் புதிதல்ல என்று எங்களுக்குச் சொல்லித் தந்த பெரியவர்களை இங்கே வணங்குகிறோம். கோலார் தங்கவயலில் பிறந்து, மும்பைக்கு வந்து, 1970களில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கிய ஜோக்கின் அற்புதம் அவர்கள், அரசு எண்ணாத வீடுகளை அந்த வீட்டுக்காரர்களே எண்ணும்படி செய்தவர். 2000இல் மக்சேசே விருது பெற்று, 2018இல் மறைந்த அவரைப் பற்றி எங்களில் பெரும்பாலோர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சொந்தச் சந்தின் வரலாற்றைத் தெரியாமல் உலக இலக்குகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

தோல்பைக் கடை அண்ணாச்சி தம் பழைய பில் புத்தகம் ஒன்றைத் தந்தார். அதன் வெற்றுப் பின்பக்கங்களில்தான் எங்கள் கணக்கு முழுவதும் இருக்கிறது. நூலில் கட்டிய பென்சிலோடு அது கழிப்பிடத்துக்கு எதிரே இருக்கும் தையல் மதினியின் வீட்டு ஆணியில் 31 நாள்கள் தொங்கியது. மதினி விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, வரிசையில் நிற்கும் பெண்களை எட்டு மணிவரை அரைமணிக்கு ஒருமுறை எண்ணி, கோடு போட்டு வைத்தார்கள். எங்களில் யாரையும் அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் நிறுத்தக் கூடாது என்று அவர்களே விதி வகுத்தார்கள். யாருடைய பெயரும் ஏட்டில் ஏறக் கூடாது, படம் எடுக்கவே கூடாது என்றார்கள். அந்த விதிகள் இல்லாதிருந்தால் ஊர் எங்களை நம்பியிருக்காது.

கணக்கில் வந்தது இதுதான். பெண்கள் பக்கம் இருந்த 10 அறைகளில் 3 பூட்டிக் கிடந்தன. மற்ற 7 அறைகளில் 4 அறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஓர் அறையின் கதவில், தாழ்ப்பாள் இருந்த ஓட்டைக்குள் பழைய துப்பட்டாக் கிழிசலை நுழைத்து முடிச்சிட்டிருந்தார்கள். உள்ளே போகிறவர் அதன் மறுமுனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துப் பிடித்து அந்தத் துணி கறுத்து, கயிறுபோல் இறுகியிருந்தது. தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டு நெறிகள், சமுதாயக் கழிப்பிடத்தில் 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்றும், 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை என்றும் வகுத்திருக்கின்றன. மதினி போட்ட கோடுகளைக் கூட்டியபோது நாம் அதற்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நன்றி எங்கள் மராத்தித் தோழிக்கு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ கேட்கலாம். மகாராஷ்டிர விதிகளோ ஒரு மனுவில் ஒரே பொருளைப் பற்றி 150 சொற்களுக்குள் கேட்கச் சொல்கின்றன. எங்கள் நீண்ட ஆத்திரத்தை அந்த அளவுக்குள் அவர் சுருக்கித் தந்தார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நம் கழிப்பிடம் பற்றிய மனு மாநகராட்சிக்குப் போனது. 30 நாள்களில் வர வேண்டிய பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டை எழுதவும், பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு என்று விளக்கவும், ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் தம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தந்தார். பிறகு பார்க்கக் கிடைத்த தாளில் எல்லா அறைகளும் பயன்பாட்டில் இருப்பதாக எழுதியிருந்தது. அந்தத் தாளையும் பில் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நிமிடத்தை நாங்கள் மறக்க மாட்டோம்.

1990களில் ராஜஸ்தானின் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய ஜன் சுன்வாய் என்னும் மக்கள் விசாரணைகளில் செலவுக் கணக்கை மக்கள் முன் வாசித்ததைப் படித்திருந்தோம். அதையே சிறிய அளவில் இங்கே செய்து பார்க்க, பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று நம் பகுதி மன்றத்தைத் திறந்துவிட்ட நிர்வாகிகளுக்கு நன்றி. கழிப்பறைப் பேச்சை மேடையேற்றினால் நம் பகுதிக்குத்தான் கெட்ட பெயர் என்று எதிர்த்த மாமாவுக்கும் நன்றி சொல்கிறோம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அவருடைய அச்சம் பொய்யல்ல. தாராவி என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்பவர்களை நாங்களும் கல்லூரியில் பார்க்கிறோம். அதனால்தான் ஏட்டின் நகல்களை வேறு யாருக்கும் தராமல், பொறுப்பில் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுப்பினோம்.

அழைப்பை ஏற்று வந்த இளநிலைப் பொறியாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வராமல் இருந்திருக்கலாம்; வந்தார். தாளில் உள்ளது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். ஏழு வாரங்களில் தாழ்ப்பாள்களும் இரண்டு விளக்குகளும் வந்தன. பூட்டிய மூன்றில் இரண்டு திறந்தன. அந்தத் துப்பட்டாத் துணியை மதினி அவிழ்த்து எடுத்தார்கள்.

மூன்றாவது அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. காலையில் தண்ணீர் ஆறரை மணிக்கு மேல் நிற்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குப் படியேற வழியில்லை. உலக அளவில் மதிப்பிடக்கூடிய குறிக்கோள்களில் 17 விழுக்காடு மட்டுமே சரியான வேகத்தில் செல்வதாக 2024ஆம் ஆண்டின் ஐ.நா. அறிக்கை சொன்னது, மீதியில் நம் படிக்கட்டும் இருக்கிறது. தண்ணீர் குறித்த இரண்டாவது மனு சென்ற வாரம் போயிருக்கிறது.

பில் புத்தகத்தில் இன்னும் ஆறு பக்கங்கள் மீதம். அது தேநீர்க் கடை அண்ணாச்சியின் பெட்டியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மழைக்கு முன் மறுபடியும் எண்ணுகிறோம். நாலரை மணிக்கு எழ மதினிக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர் வேண்டும். முடிந்தவர்கள் ஆச்சியிடம் பெயர் சொல்லிவையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் சந்துப் பிள்ளைகள் 14 பேர்
தாராவி, மும்பை