லானியின் முழு வாழ்க்கையையும் சொல்

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். உங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் ‘ஜீசஸ் ரெவல்யூஷன்’ படத்தைத் திரையிடுவதாகவும், அதன்பின் நடக்கும் கலந்துரையாடலை நீயே நடத்தப்போவதாகவும் எழுதியிருந்தாய். 2023இல் வந்த அந்தப் படத்தை நானும் அப்பாவும் பார்த்தோம். பாறைகள் சூழ்ந்த கலிபோர்னியக் கடற்கரையில், ஹிப்பிப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறும் காட்சியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் ஹிப்பி இளைஞரிடையே அன்று உண்டான அந்தக் கிறிஸ்தவ எழுப்புதலின் முகமாக இருந்த ஊழியர் லானி ஃபிரிஸ்பீ தன்பால் ஈர்ப்பு உடையவர் என்பதைப் படம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் போதகர் சக் ஸ்மித்தின் சிறிய சபை ஆயிரக்கணக்கானோர் கூடும் கல்வாரி சேப்பலாக வளர்ந்ததில் லானியின் ஊழியத்துக்குப் பெரும் பங்குண்டு. 1980இல் அன்னையர் தினத்தன்று போதகர் ஜான் விம்பரின் சபையில் லானி பேசிய கூட்டத்தை, வின்யார்ட் என்ற சபைகளின் இயக்கத்துக்குத் திருப்புமுனை என்றே சொல்கிறார்கள். அவருக்கும் சக் ஸ்மித்துக்கும் வந்த பிளவையும், அவருடைய மணவாழ்வின் சச்சரவையும் காட்டத் தயங்காத படக்குழுவினர், இதை மட்டும் அவருடைய அந்தரங்கத்தை மதித்து விட்டுவிட்டார்கள் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. 1993இல், 43 வயதில், அவர் எய்ட்ஸ் நோயால் இறந்தார். கிறிஸ்டல் கதீட்ரலில் நடந்த அடக்க ஆராதனையில் சக் ஸ்மித் அவரைச் சிம்சோனுக்கு ஒப்பிட்டார். தன் சபையை வளர்த்தவரை வழியனுப்பும் வேளையிலும், வீழ்ந்துபோன பலவான் என்ற சாயலில்தான் பேச வேண்டுமா என்று என் மனம் இன்னும் வேகிறது.

இது ஒரு படத்தோடு முடிகிற காரியமும் அல்ல. தன்பால் ஈர்ப்புடைய ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்க 1978இல் கலிபோர்னியாவில் வாக்கெடுப்புக் கொண்டுவந்த ஜான் பிரிக்ஸ், லானி ஊழியம் செய்த அதே ஆரஞ்சு கவுண்டியின் அரசியல்வாதி. அது தோற்றது. அம்மாநிலத்தில் ஒருபால் திருமணத்தைத் தடைசெய்த 2008ஆம் ஆண்டு வாக்கெடுப்போ, அதே கவுண்டியின் ரிக் வாரன் போன்ற போதகர்களின் ஆதரவோடு 52 சதவீதத்துக்குச் சற்று மேலான வாக்குகளில் வென்றது. லானியாக நடித்த ஜோனதன் ரூமி ‘தி சோஸன்’ தொடரில் இயேசுவாக நடிப்பவர். 2023இல் அதன் படப்பிடிப்புத் தளத்தில், கேமராக் கருவியில் இருந்த, தன்பால் ஈர்ப்பாளரின் அடையாளமான ஒரு சின்ன வானவில் கொடி கண்ணில் பட்டதற்கே அத்தொடரைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கதையில் எதுவும் மாறியிருக்கவில்லை.

நீ உன்னைப் பற்றி எங்களிடம் மனம் திறந்து சொன்ன நாள்முதல் இவையெல்லாம் எனக்கு அயலார் கதைகளாகத் தோன்றுவதில்லை. நீ கீபோர்டு வாசிப்பதை விரும்பும் சபை, நீ யாரென்று கேட்காமல் இருப்பதை அன்பு என்று எண்ணிவிடாதே, கண்ணா.

கலந்துரையாடலில் லானியின் வாழ்க்கையை முழுதாகச் சொல். தம் இயல்பைப் பாவம் என்றே அவர் கருதினார் என்று சொல்லப்படுவதையும் மறைக்காதே. உன்னைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். போதகர் ஆட்சேபித்தால் எங்களிடம் பேசச் சொல், அப்பாவும் நானும் பதில் சொல்லிக்கொள்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்.

அன்புடன்,
அம்மா