மகளிர் தையல், பின்னல் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கைகள் எல்லோருக்கும், இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். வரவு செலவை எனக்கு அடுத்துப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் ஓர் இரங்கல். நம்மில் பலருக்கு குரோஷா ஊசியை, அதாவது நூல் பின்னும் கொக்கி ஊசியைப், பிடிக்கக் கற்றுக்கொடுத்த மேலத்தெரு அப்பாயி தை மாதம் காலமானார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சிறுமியாகப் படித்தபோது அவர் கற்ற பின்னல் அது. கடைசி வரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாம் பின்னியதில் எந்த வரிசையில் கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று விரலால் தடவியே சொல்வார். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

கூட்டங்கள் எப்போதும்போல் சனிக்கிழமை பிற்பகலில் தலைவி வீட்டுக் கூடத்தில் நடந்தன. நம் கூட்டம் வயலை அனுசரித்துத்தான் நடக்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்துவிட்டால் நாற்றங்கால், நடவு என்று பாதிப் பேர் வரமாட்டார்கள். 2024-இல் அணையில் போதிய தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். பம்புசெட் இல்லாத வீடுகளில் குறுவை போடவில்லை. ஜூனிலும் ஜூலையிலும் கூடம் நிறைய ஆள் இருந்தும், புதுத்துணி எடுக்க யார் கையிலும் காசில்லை. ஆகவே அந்த இரண்டு மாதமும் வீட்டில் இருக்கும் பழைய துணியைப் பிரித்து, திருத்தி, வேறொன்றாகத் தைப்பது என்று முடிவு செய்தோம். வருஷத்திலேயே நல்ல வேலை நடந்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வந்த துணிகளில் அதிகம் பேசப்பட்டது ஒரு கூறைப்புடவை. மாயவரத்துக் கூறைநாட்டில் நெய்தது, பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டது. நம் உறுப்பினர் ஒருவருடைய அம்மாவின் கல்யாணப் புடவை. பல வருஷம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்ததால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய், தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. கரையும் முந்தானையும் மட்டும் கெட்டியாக இருந்தன. வெட்டலாமா கூடாதா என்று அந்த அக்காவுக்கு மனம் வரவே இல்லை. அம்மா தொட்ட துணி, கத்தரி வைக்க மனசு எப்படி வரும்? அவரே ஒரு நாள் சரி என்று சொல்லும்வரை யாரும் வற்புறுத்தவில்லை.

அப்புறம் இற்ற இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அவை எல்லாம் கழிவில் போகும்படி வெட்டினோம். உள்ளே மெல்லிய மல் துணி வைத்தோம். கரை கீழே வரும்படி, தோளில் நிற்கிற மாதிரி பருத்தியில் பாடி வைத்து, பேத்திக்குப் பாவாடை ஆனது. அடியில் ஓர் அங்குல டக், அதாவது துணியை மடித்துப் பிடிக்கும் தையல், இரண்டு பிடித்திருக்கிறோம். பிள்ளை வளர்ந்ததும் ஒரு டக்கைப் பிரித்தால் 2 அங்குலம் நீளம் கிடைக்கும், இரண்டையும் பிரித்தால் 4. பாடியின் பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் உள்ளே விட்டிருக்கிறது. கடையில் வாங்கும் பட்டுப்பாவாடையில் இந்த இடம் பெரும்பாலும் இருக்காது. அடுத்த தீபாவளிக்குள் பிள்ளை எவ்வளவு வளரும் என்று யோசித்துத் துணி விடுவது வீட்டில் தைப்பவர்தான்.

இதை ஒட்டி எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பீரோவில் இருக்கும் பட்டுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றினால் போதும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

ஆவணி, புரட்டாசியில் ரவிக்கை வகுப்பு நடந்தது. அளவு எடுப்பதும் வெட்டுவதும் பலருக்குத் தெரிந்ததுதான். புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே: உள்ளே வைக்கும் லைனிங் துணியை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். மெல்லிய மல் துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரண ரவிக்கைத் துணிக்கு 14, ஜீன்ஸ் மாதிரி கனத்த துணிக்கு 16 என்பதை மெஷின் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நவம்பர் கடைசி வாரத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி டெல்டா முழுதும் கொட்டிய மழையில் கூட்டம் நடக்கவில்லை. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது, யாருக்கும் தையல் நினைப்பு இல்லை. சங்கத்து மெஷின்களைப் பலகை மேல் ஏற்றிவைத்ததால் தப்பின. ஈரத்தில், அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸ் துருப்பிடிக்கும், தோல் பெல்ட் தளர்ந்துபோகும். மழை விட்டதும் கால் மெஷின்கள் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு, பெல்ட்டைக் கொஞ்சம் நறுக்கி மறுபடி கிளிப் போட்டுக் கொடுத்த இளைய உறுப்பினர் இருவருக்கும் நன்றி. கரண்ட் இல்லாத அந்த நாட்களில், மோட்டார் போடாமல் ஒரு மெஷினையாவது காலால் மிதிப்பதாகவே வைத்திருக்க வேண்டும் என்று செயற்குழு எடுத்திருந்த பழைய முடிவு எவ்வளவு சரி என்று தெரிந்தது.

மார்கழியில் குரோஷா. நம் ஊரில் குளிர் என்பது விடியற்காலைப் பனிதான், எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். கடையில் உல்லன் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அது வியர்வையை உறிஞ்சாது, கைக்குழந்தையின் தலையில் வெகுநேரம் இருந்தால் வேர்க்குரு வருகிறது. ஆகவே குழந்தைகளுக்குப் பருத்தி நூலில்தான் பின்னுவது என்று வைத்துக்கொண்டோம். பருத்தி நூல் உல்லன்போல் இழுத்துக்கொடுக்காது. அதனால் முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, துவைத்துக் காயவைத்து, அதில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணிக்கொண்டு பிறகுதான் குல்லாவை ஆரம்பிக்கிறோம். பிள்ளைகளுக்கு இந்தச் சதுரம் பின்னுவது பிடிக்கவில்லை, நேரே குல்லாவுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். சதுரம் பின்னாதவர்களின் குல்லா யாருக்குப் பொருந்தியது என்று அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தைச் சாமான்களில் கவனம் வேண்டும். ஜப்லாவில் பட்டன் வேண்டாம், பின்பக்கம் சிறிய நாடா போதும், கழுத்தைச் சுற்றி நீளமான கயிறு கூடவே கூடாது. பச்சைக் குழந்தைக்குத் தையல் வெளியே தெரியும்படி புரட்டித் தைத்தால் மேலில் உறுத்தாது. பின்னிய பொம்மைகளுக்கு மணி, பட்டன் கண் வைக்காமல் நூலாலேயே கண் தைக்கிறோம். வாயில் போட்டு இழுக்கிற வயதில் எது கழன்று வரும் என்று சொல்ல முடியாது.

இனி, இந்த ஆண்டு நான் மிகவும் பெருமையாக நினைக்கும் வேலையைச் சொல்கிறேன். உறுப்பினர் ஒருவரின் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. தினமும் காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடுவதே பெரிய போராட்டமாக இருந்தது. கையை வளைக்க முடியாது, தூக்கினால் தோள் வலிக்கும், அவருக்குக் கோபமும் அழுகையும் வரும். அக்கா இதைக் கூட்டத்தில் சொன்னது தையலுக்காக அல்ல, மனம் தாங்காமல். அன்றைக்கே அவருடைய பழைய சட்டைகளைக் கொண்டுவரச் சொன்னோம். வலப்பக்கத் தையலைக் கையின் அடிப்பகுதி முதல் இடுப்பு வரை பிரித்து, பட்டி வைத்து, வெல்க்ரோ தைத்தோம். முன்பக்கப் பட்டன்களை மேலேயே அலங்காரத்துக்கு வைத்துத் தைத்து, அடியிலும் வெல்க்ரோ. பார்ப்பதற்கு எப்போதும் அவர் போடும் அதே அரைக்கைச் சட்டைதான். உடுத்தும்போது வலுவில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை நம் உறுப்பினரின் மகள், செவிலியர் படிப்பு படிப்பவர், வந்து செய்து காட்டினார். அதற்கப்புறம் அந்த அக்காவின் கணவர் சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடம் பேச ஆரம்பித்தார். பனியனோடு வெளியே வரக் கூச்சப்பட்டே உள்ளே படுத்திருந்தார் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். தோள் பிடித்துக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத பெரியம்மாக்களுக்கு முன்பக்கம் ஊக்கு வைத்து, கை தாராளமாக அசைய அக்குளில் டைமண்ட் வடிவத் துண்டு சேர்த்து ரவிக்கை. படுக்கையில் இருக்கும் ஆயாவுக்கு முதுகுப்பக்கம் முழுதும் திறக்கும் நைட்டி, படுத்திருக்கும் பக்கத்தில் தையல் மேடு உறுத்தாமல். விரல் மடங்காதவர்களுக்கு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த உள்பாவாடை. இவற்றில் எதையும் அவர்கள் கடையில் பார்த்திருக்கவில்லை. வீட்டில் கூட இருந்து பார்த்தவருக்குத்தான் எந்த இடத்தில் உறுத்துகிறது என்று தெரியும். நம் சங்கம் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தொம்பை தைக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய்வந்தோம். கோயிலிலும் தேரிலும் உருளையாகத் தொங்குமே, அது. சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளில் யாளி, மயில், தாமரை என்று வெட்டி, இன்னொரு துணி மேல் வைத்துத் தைக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை. வரையாமலே கத்தரியால் இதழ் வெட்டுகிறார்கள். அந்தக் கையை நாம் ஒரு நாளில் கற்க முடியாது. ஆனால் திரும்பி வந்ததும் துண்டுத் துணிகளை வைத்து அதே முறையில் தலையணை உறை, தூளிக்கு விரிப்பு தைத்தோம். வீட்டில் துவைத்துப் போடும் துணி என்பதால் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், வளைவில் சிறிய வெட்டு கொடுத்தால் மடிப்பு படியும். சிவப்புத் துணி சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டே சேருங்கள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் நடந்த விவாதத்தைப் பதிவு செய்ய வேண்டும். டவுன் கடை ஒன்றிலிருந்து புடவை முந்தானைக்குக் குரோஷாவில் குஞ்சம் பின்னித் தரும் ஆர்டரைச் சங்கத்துக்கே தருவதாகச் சொன்னார்கள். நல்ல வருமானம் வரும், சங்கத்துக்குப் புது மெஷின் வாங்கலாம் என்று சிலர் பேசினார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர்கள் சொன்ன கூலியை, ஒரு முந்தானைக்கு ஆகும் நேரத்தோடு வைத்துப் பார்த்தபோது எவ்வளவு குறைவு என்று எல்லோருக்கும் தெரிந்தது. குரோஷாவை மெஷினில் பின்ன முடியாது, முழுக்கக் கைவேலை. அந்த நேரத்துக்கு யாரும் விலை தருவதில்லை. சனிக்கிழமை பிற்பகலையும் ஆர்டருக்குக் கொடுத்துவிட்டால், ஆயாவின் நைட்டி எப்போது தைப்பது என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு விவாதம் நீளவில்லை.

தனியாக ஆர்டர் எடுப்பது அவரவர் விருப்பம், சங்கத்தின் பெயரிலும் சங்கக் கூட்டத்திலும் வீட்டுக்காகத் தைப்பது மட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. தைத்துச் சம்பாதிப்பது தாழ்வு என்று யாரும் நினைக்கவில்லை. வருமானம் தேவைப்படுகிறவர்களுக்கு வேறு வழிகளைச் சங்கம் தேடித் தருகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் சேர விரும்பியவர்களைக் கூட்டிப்போய் விசாரித்தோம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர் (கீழ்நிலைத் தேர்வு) எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது: வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தைத்த உடுப்புகளின் பேட்டர்னை எல்லாம் பிரவுன் பேப்பரில் வெட்டி, அளவும் தைக்கும் முறையும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப்போய்த் தைக்கும்படி சங்க அலமாரியில் வைப்பது. அப்பாயியின் குல்லா, காலுறைப் பின்னல்களையும் பார்த்து வரிசை வரிசையாக எழுதிவைக்க வேண்டும். வீட்டில் அவர் பின்னியது எது இருந்தாலும், நைந்துபோயிருந்தாலும், கொண்டுவாருங்கள். எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.

கூடம் கொடுத்த தலைவிக்கும், சனிக்கிழமைகளில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தாத்தாக்களுக்கும், வெட்டி மீந்த துண்டுத் துணிகளைச் சேர்த்து அனுப்பிய டெய்லர் கடைக்காரர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன். அடுத்துப் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்