ஒரு தொட்டியும் மூன்று பல்கலைக்கழகங்களும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பொதுச் சுகாதாரத்தில் ஒரு முதுநிலைப் படிப்பை நடத்த முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். முடியும், ஆனால் பட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சென்ற மாதம் எங்கள் மூன்றாமாண்டு மருத்துவ மாணவர்களோடு, பொறியியல் மாணவர் நால்வரையும் கால்நடை மருத்துவ மாணவர் இருவரையும் ஒரு கிராமத்திற்கு அழைத்துச் சென்றேன். மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலிருந்த குழாயில் நீர் பிடித்து, குளோரின் இருந்தால் நீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. கீழத்தெருவின் கடைசிக் குழாயிலோ நிறம் மாறவே இல்லை. ப்ளீச்சிங் பவுடர் போதவில்லை என்று எங்கள் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, பொறியியல் மாணவி ஒருத்தி மண்ணில் கோடு கிழித்து, நாளுக்கு ஒரு மணி நேரமே தண்ணீர் விடுவதால் மற்ற நேரங்களில் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே போகும் என்று விளக்கினாள். கால்நடை மாணவரோ குழாயடியில் இருந்த எலி வளைகளைக் காட்டி, இங்கே யாருக்காவது எலிக்காய்ச்சல் வந்ததா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இருபது ஆண்டுகளாகச் சமூக மருத்துவப் பாடத்தை நடத்தும் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

திரும்பி வந்த பிறகுதான் வில்லங்கம். எங்கள் மாணவர்களுக்கு அது களப்பயிற்சி. மற்ற அறுவருக்கும் வருகைப் பதிவேட்டில் விடுப்பு! நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை, கால அட்டவணையும் மதிப்பெண்ணும்தான் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இது பழைய கதைதான். இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946-இல் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி தேவை என்றது. ஆனால் அதையும் மருத்துவப் படிப்புக்குள்ளேயே வைத்தது. மருத்துவத்துக்கும் மற்றத் துறைகளுக்கும் இடையே சுவர் அன்றே எழும்பிவிட்டது என்பேன்.

சுவரைத் தாண்டியவர்களும் உண்டு. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001-இல் தொடங்கிய நோய்ப்பரவியல் களப்பயிற்சிக்குப் பட்டம் வழங்கியது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பயிற்சி ஓரிடம், பட்டம் வேறிடம். மாணவர்கள் தங்கள் மாவட்டப் பணியிலேயே இருந்துகொண்டு, அவ்வப்போது வகுப்புக்கு வந்து படித்தார்கள்.

ஆகவே, முதலில் ஆண்டுக்கு ஒரு வாரம், ஒரே கிராமம், இந்த மூன்று துறைகளின் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் ஒரே களப்பதிவேடு, அதற்கு இரண்டு கிரெடிட் (பட்டத்திற்குக் கணக்கிடும் படிப்பு அலகு); இவ்வளவு போதும். எங்கள் மாணவர்கள் இப்போது ஆளுக்குச் சில குடும்பங்களை, அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்க, தத்தெடுக்க வேண்டியிருப்பதால், அந்தக் கிராமத்தையே எல்லாருக்கும் பொதுவாக்கிவிடலாம்.

உங்கள் பாடத்திட்டக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று எழுதுங்கள். அதற்குள் பதிவேட்டின் மாதிரியை அனுப்பிவிடுகிறேன். கீழத்தெருக் குழாய் நீரின் குளோரின் அளவுகளை அதன் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்