சன் பிக்சர்ஸ் வரலாற்றைத் தொகுக்கக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரியவர்களுக்கு,

சன் தொலைக்காட்சி வலையமைப்பு எப்படிச் சன் பிக்சர்ஸ் என்ற பெயரில் படத் தயாரிப்புக்கு வந்தது என்பதைச் சொல்லும் சிறு கண்காட்சியை எமது சனசமூக நிலைய வாசிகசாலையில் மூன்று நாட்கள் நடத்தினோம். அதுவும் அதனோடு வெளியிட்ட கைநூலும் நல்லபடியாக நிறைவேறியுள்ளன. கைநூலின் அட்டையில் தொகுப்பாசிரியர் என்று என் பெயர் மட்டுமே இருக்கிறது. உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதி உங்கள் அலுமாரிகளிலிருந்தும் நினைவுகளிலிருந்தும் வந்தது. அதை ஊரறியச் சொல்வது என் கடமை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட எங்கள் ஒப்பரேற்றர் ஐயாவுக்கு. யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படம் ஓட்டிய அவரிடம் என் முதற் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2008 முதல் 2011 வரை சன் பிக்சர்ஸ் என்ற பெயரோடு வந்த எல்லாப் படங்களையும் அந்நிறுவனத்தின் தயாரிப்புகள் என்றே அதில் எழுதியிருந்தேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாம் சுருட்டி வைத்திருந்த பழைய சுவரொட்டி ஒன்றை மேசையில் விரித்து, அடிப்பக்கத்துச் சிறிய எழுத்துகளில் விரலை வைத்து, "பிள்ளை, மேலே இருக்கிறது வழங்குகிறவர் பெயர், காசு போட்டவர் பெயர் கீழே இருக்கு, அதை வாசியுங்கோ" என்றார். 'அயன்' ஏ.வி.எம். தயாரித்த படம், 'சிங்கம்' ஸ்டூடியோ கிரீன் தயாரித்தது. இரண்டையும் வாங்கி வெளியிட்டதே சன் பிக்சர்ஸ் செய்த வேலை. அந்த ஒரு விரல் காட்டிய இடத்திலிருந்துதான் கைநூலின் அமைப்பே மாறியது. வெளியீடு வேறு, தயாரிப்பு வேறு என்று பிரித்து எழுதிய பிறகுதான் இந்நிறுவனத்தின் வரலாறு எனக்கே விளங்கத் தொடங்கியது.

அந்தப் பிரிப்பின்படி பார்த்தால் கதை இப்படிப் போகிறது. கலாநிதி மாறன் முதலில் 'பூமாலை' என்ற வீடியோ சஞ்சிகையை நடத்தினார். பின்னர் 1993 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சியைத் தொடங்கினார். மற்றவர்கள் எடுத்த படங்களின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிக் காட்டி வளர்ந்த வலையமைப்பு அது. 2001இல் படங்களுக்கென்றே கே டிவி என்ற தனி அலைவரிசையும் வந்தது. படம் எடுக்கும் முயற்சியும் சின்னத்திரைக்காகவே முதலில் நடந்தது. மனோபாலா இயக்கத்தில் விக்ரமும் ராதிகாவும் நடித்து, லண்டனில் படமாக்கப்பட்ட 'சிறகுகள்' அத்தகைய தொலைக்காட்சிப் படம். படமாளிகைகளுக்கான முதல் வெளியீடு 2008 செப்டெம்பரில் வந்த 'காதலில் விழுந்தேன்'. முன்னணி நடிகர் எவரும் இல்லாத அந்தப் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, நிகழ்ச்சிகளுக்கு இடையே ஓயாமல் ஓடிய விளம்பரந்தான்.

இதை நான் ஊகித்து எழுதவில்லை. கொக்குவிலில் கேபிள் இணைப்புக் கொடுத்துவந்த தம்பி ஒருவர், 2009, 2010ஆம் ஆண்டுகளில் சன் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்து வைத்திருந்த மூன்று ஒளித்தட்டுகளை எந்த நிபந்தனையுமின்றித் தந்தார். பெரும்பாலானோர் விளம்பரங்களை வெட்டிவிட்டு நிகழ்ச்சியை மட்டும் சேமிப்பார்கள், அவர் வெட்டவில்லை. அந்தத் தட்டுகளைப் போட்டுப் பார்த்தால் தொடர்நாடகத்தின் ஒவ்வோர் இடைவேளையிலும் புதுப்பட முன்னோட்டம் வருகிறது. நாலைந்து நாளில் பாட்டின் முதல் வரி வீட்டுப் பிள்ளைகளின் வாயில் வந்துவிடும். மற்றத் தயாரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டிய விளம்பர நேரம் இந்த நிறுவனத்துக்குச் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி இருந்தது. படம் முதலில் படமாளிகையில் ஓடும், பிறகு அதே வலையமைப்பின் திரையில் பண்டிகை நாட்களில் ஓடும். என் கணிப்பில் சன் பிக்சர்ஸின் வரலாற்றுக்கு அந்த முன்னோட்டங்கள்தாம் முதன்மையான ஆவணம். தம்பி, அவற்றை அழியாமல் வைத்திருந்ததற்கு உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

'எந்திரன்' பற்றிய பகுதிக்குத் தகவல் திரட்டித் தந்தவர் லண்டனில் வாழும் என் மச்சாள். லண்டனில் தொடங்கிய பட வெளியீட்டு நிறுவனமான ஐங்கரன் இன்டர்நேஷனலின் படத்தட்டுகள் எங்கள் ஊருக்குப் புதியவை அல்ல. லண்டனிலிருந்து வருகிற பொதிகளில் பால்மாவுக்கும் சொக்கிலேற்றுக்கும் நடுவே அவையும் வரும். ஷங்கர் இயக்கிய அந்தப் படத்தை முதலில் கையிலெடுத்தவை அதே ஐங்கரனும் ஈரோஸ் என்ற பட நிறுவனமுந்தாம். 2008இன் உலக நிதி நெருக்கடியில் அவை விலகிக்கொள்ள, அந்த ஆண்டின் இறுதியில் சன் பிக்சர்ஸ் பொறுப்பேற்றது. இவ்வாறு அதுவரை பிறர் எடுத்த படங்களை வெளியிட்டுவந்த நிறுவனம், அக்காலத்தில் இந்தியாவிலேயே மிகுந்த பொருட்செலவில் உருவான படங்களுள் ஒன்றுக்குத் தயாரிப்பாளர் ஆயிற்று. 2010 ஒக்டோபர் 1ஆம் திகதி தமிழ், தெலுங்கு, ஹிந்தி மொழிகளில் வெளியான அப்படம் தந்திரக்காட்சிகளுக்கும் கலை இயக்கத்துக்கும் இந்திய தேசிய விருதுகளைப் பெற்றது. அடுத்த சொந்தத் தயாரிப்பு 2011இல் வந்த 'மாப்பிள்ளை'. பிறகு நீண்ட இடைவெளி. 2018 தீபாவளிக்கு 'சர்கார்', 2019 பொங்கலுக்கு 'பேட்ட', 2023 ஓகஸ்டில் 'ஜெயிலர்', 2025 ஓகஸ்டில் 'கூலி' என்று பெரிய நடிகர்களின் படங்களாகவே தொடர்ந்தது. இப்பிற்பகுதியைக் கைநூலில் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் நினைவிருக்கும் காலம் அது.

எங்கள் மண்ணோடு நேரே தொடர்புடைய ஒரு பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே விரித்து எழுதினேன். ஃபைவ் ஸ்டார் நிறுவனம் தயாரித்து, 2011 பொங்கலுக்குச் சன் பிக்சர்ஸ் வெளியிட்ட 'ஆடுகள'த்தில் பேட்டைக்காரனாக நடித்தவர் எங்கள் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். படம் பெற்ற ஆறு தேசிய விருதுகளில் அவருக்கான சிறப்புக் குறிப்பும் ஒன்று. திரையில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ராதாரவி என்று எழுதியிருந்த அட்டையின் முன்னால் நின்று, "அப்ப எங்கட பேச்சு படத்தில இல்லையோ" என்று ஒரு முதியவர் இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்வியை அடுத்த பதிப்பில் சேர்க்க அனுமதி தந்த அவருக்கும் என் நன்றி.

இனி, மாதர் சங்கத்து அக்காமாருக்கு. ஓர் ஆசிரியர் குடும்பம் இரவலாகத் தந்த 'உதயன்' பத்திரிகைக் கட்டுகள் வாசிகசாலையின் ஓட்டு ஒழுக்கில் நனைந்துவிட்டன. மாரி மழை விடாமல் பெய்த அந்தக் கிழமையில், ஒட்டிப்போன தாள்களை ஈர்க்கால் மெல்லப் பிரித்து, இடையிடையே பழைய பருத்திச் சேலைத் துண்டுகளை வைத்து, மின்விசிறிக் காற்றில் நான்கு இரவுகள் உலர்த்தியவர்கள் நீங்கள். அப்படிக் காப்பாற்றிய தாள்களுள் ஒன்று 2008ஆம் ஆண்டுக்குரியது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் பூட்டிக் கிடந்த காலம். ஒரே பக்கத்தில் மேலே மரண அறிவித்தல்கள், நடுவில் ஊரடங்கு நேரம், கீழ் மூலையில் ஒரு படமாளிகையின் 'பகல் காட்சி மட்டும்' என்ற விளம்பரம். கண்காட்சியில் மக்கள் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். சென்னையில் முன்னோட்டங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் எந்த நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டியிருந்தது என்பதை அந்தத் தாள் அருகருகே காட்டியது. அக்கா, உங்கள் கை பட்டிராவிட்டால் அது கூழாகியிருக்கும்.

பழைய தாள்களைப் பொறுமையோடு எடுத்துத் தந்த யாழ்ப்பாணப் பொது நூலக ஊழியர்களுக்கும், எழுத்துப் பிழைகளைத் திருத்திய தமிழாசிரியைக்கும், மூன்று நாளும் தேநீர் ஊற்றிய விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும் நன்றி.

இரவலாகப் பெற்ற பத்திரிகைக் கட்டுகள், சுவரொட்டிகள், ஒளித்தட்டுகள் அனைத்தும் உரியவர் பெயர் எழுதிய உறைகளில் வாசிகசாலை அலுமாரியில் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பிறகு எந்த நாளும் வந்து பெற்றுக்கொள்ளலாம். ஒப்பரேற்றர் ஐயாவின் சுவரொட்டியை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
வாசிகசாலைப் பொறுப்பாளர்,
யாழ்ப்பாணம்.