என் மறதியையும் நோயாக மதித்தவர்களுக்கு

சுங்கை சிப்புட்டில் உள்ள சொந்தபந்தங்கள், அக்கம்பக்கத்தார், என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் அக்கா தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோ என்ற மருந்துச் சிகிச்சையும் முடிந்துவிட்டன. காரில் ஏற்றி ஈப்போவுக்குக் கூட்டிப் போனவர்கள், சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள், கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள் எல்லாரிடமும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் வேறோர் உதவிக்காக.

முடி கொட்டியது ஊருக்கே தெரிந்தது. நினைவு தடுமாறியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இடுப்பளவை டேப்பில் பார்ப்பேன். நோட்டில் எழுதக் குனிவதற்குள் எண் போய்விடும். திரும்ப அளந்தாலும் அதே கதைதான். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, அதன் பெயர் வராமல் தவித்திருக்கிறேன். வானொலி பாடும்போது யாராவது பேசினால் இரண்டுமே மனதில் ஏறாது. இனித் தையல் அவ்வளவுதான் என்று பயந்து போனேன்.

முதல் நன்றி ஈப்போ மருத்துவமனையில் என்னைக் கவனித்துக்கொண்ட தமிழ்த் தாதிக்கு. வேலை நெருக்கடியிலும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். கீமோ எடுப்பவர்கள் பலருக்கு இப்படி ஆகுமாம். வயதானவர்களுக்கு வரும் மறதிநோய் வேறு, இது வேறு. மருந்தோடு இரத்தசோகை, தூக்கமின்மை, களைப்பு, கவலை, ஹார்மோன் மாத்திரை என்று பலதும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே இருக்கும். சிகிச்சை முடிந்து 6 மாதம், ஒரு வருடத்தில் பலருக்குக் குறைந்துவிடும்; சிலருக்கு இன்னும் நீளும். அவர் சொல்லித்தான் மருத்துவரிடம் வாய் திறந்தேன். இரத்தம் குறைவு என்று கண்டுபிடித்து அதற்கும் வைத்தியம் பார்த்தார்கள்.

அப்புறம், ஐந்தாம் படிவம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. நான் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், தைக்கக் கொடுப்பவரே எழுதிக்கொள்ள வேண்டும், வெட்டுவதற்கு முன் அந்த எண்ணைத் துணியிலேயே சாக்குக்கட்டியால் குறிக்க வேண்டும் என்று வழி சொன்னது அவள்தான். அளவு எடுக்கும்போது வானொலியையும் அணைத்துவிடுவாள். தைக்க வந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ரவிக்கைக்கு வேறு ஆளைத் தேடிப் போகாமல் காத்திருந்தீர்களே, அது எனக்குச் சோறு போட்டதைவிடப் பெரிது.

மளிகைக்கடை அண்ணனை மறக்கவே முடியாது. வாங்க வந்தது என்னவென்று தெரியாமல் நிற்கும்போது, அவசரப்படுத்த மாட்டார். "சமையலுக்கா தங்கச்சி, சாமிக்கா?" என்று மட்டும் கேட்பார். பாதி நாள் அதிலேயே ஞாபகம் வந்துவிடும்.

உடலை அசைத்தால் மூளைக்கும் நல்லது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, மாலையில் என்னோடு குடியிருப்புத் திடலைச் சுற்றி நடந்த மாதர் குழு அக்காமாருக்கும் நன்றி. மாத்திரைப் பெட்டியை நிரப்பி வைத்து, "அடுப்பைப் பார்த்தியா?" என்று கடிந்துகொள்ளாமல் கேட்கும் என் வீட்டுக்காரருக்கும்தான்.

நம் ஊரில் யாருக்காவது சிகிச்சைக்குப் பிறகு இப்படித் தடுமாற்றம் இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். என்னிடமும் வந்து பேசலாம்.

தீபாவளித் துணிகள் எடுத்துக்கொள்கிறேன். இந்த வருடம் குறைவாகத்தான் தைப்பேன், கொஞ்சம் முன்னதாகவே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தையல்கார அக்கா